வைத்தியர் விடைபெறும் காலம்

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஓய்வு பெறும் நாள் அவர் பணியில் சேர்ந்த அன்றே நிச்சயமாகிவிடுகிறது. பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, இன்ன வருஷத்தில் இன்ன மாதத்தின் கடைசி நாளன்று அவர் தம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், அவருடைய மனைவி மக்களுக்கும் தெரியும், அடுத்தபடியாக அந்த நாற்காலியில் அமர இருப்பவருக்கும் தெரியும். மருத்துவர்களிலும் அரசாங்கச் சேவையில் இருப்பவர்களுக்கு இந்த வரையறை உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் 60 வயதிலும், மத்திய அரசின் மருத்துவர்கள் 65 வயதிலும் விடைபெறுகிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் போதிப்பவர்கள் 70 வயது வரையில் ஆசிரியர்களாக இருக்கலாம். ஆனால், சொந்தமாக ஒரு கிளினிக்கை வைத்துக்கொண்டு, முப்பது நாற்பது வருஷங்களாக ஒரே தெருவில் இருந்து, பாட்டிக்கும் பேத்திக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவரும் டாக்டருக்கு அப்படிப்பட்ட நாள் எதுவும் இல்லை. மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரையில், எண்பது வயதானாலும் தொண்ணூறு வயதானாலும், அவர் நாடி பிடித்துப் பார்ப்பதைச் சட்டம் தடுப்பதில்லை.

சர்வதேச மார்க்கங்களில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தை ஓட்டுகிறவர் 65 வயதானதும் அந்த ஆசனத்தை விட்டு இறங்கியே தீரவேண்டும் என்று விதி செய்திருக்கிற உலகம், மனித உடலைத் திறந்து சிகிச்சை செய்கிறவரின் விஷயத்தில் மட்டும் அந்தத் தீர்மானத்தைப் பெரும்பாலும் அவருடைய மனச்சாட்சிக்கே விட்டிருக்கிறது. அவரிடம் வைத்திருக்கும் மரியாதையினால் அவ்விதம் விட்டிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்த மரியாதையே அவரைத் தனியே நிறுத்திவிடுகிறது என்பதையும், வாழ்க்கையின் மிகக் கடினமான ஒரு தீர்மானத்தை, அதைச் செய்வதற்கு வேண்டிய சக்திகள் குறையத் தொடங்கும் பருவத்தில், துணையின்றி அவர் செய்ய நேர்கிறது என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. வயது முதிர்ந்த வைத்தியர்கள் எப்போது, எவ்விதம், எதைக் கொண்டு தங்கள் ஓய்வைத் தீர்மானிக்கிறார்கள் என்ற விஷயம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் முன் நம்பிக்கையோடு சென்று உட்காரும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது.

பெர்லினில் நடந்தது

இந்த விஷயத்தைப் பற்றிச் சிந்திப்பவர்கள் எவரும் ஜெர்மானிய ரண சிகிச்சை நிபுணர் ஃபெர்டினாண்ட் ஸாவர்புருக்கின் கடைசி வருஷங்களை அறிந்திருப்பது நல்லது. 1875ஆம் ஆண்டில் பிறந்த அவர், மார்பைத் திறந்து சிகிச்சை செய்வது ஏறக்குறைய அசாத்தியம் என்று கருதப்பட்ட காலத்தில் அதற்கு வழி கண்டவர். மார்பைத் திறந்தவுடன் வெளிக்காற்றின் அழுத்தத்தால் நுரையீரல் சுருங்கிப் போவதுதான் அந்நாளில் பெரிய தடையாக இருந்தது. நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும்படி, உடலையும் சிகிச்சை செய்பவர்களையும் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் வைத்துக்கொண்டால் நுரையீரல் சுருங்காது என்பதை 1904இல் பிரெஸ்லாவ் நகரில் அவர் நிரூபித்துக் காட்டினார். கைகளை இழந்த போர்வீரர்களுக்கு, எஞ்சிய தசைகளின் அசைவைக் கொண்டே இயங்கும் செயற்கைக் கையை அமைத்தவரும் அவரே. ஸூரிச், மூனிச் ஆகிய நகரங்களில் பேராசிரியராக இருந்த பிறகு, 1927இல் பெர்லினில் உள்ள புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையின் ரண சிகிச்சைத் தலைவராக அமர்ந்தார். ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, எழுபது வயதைக் கடந்த அந்த மேதையின் மூளை ரத்தக் குழாய்களின் தடிப்பினால் நலிவுற்றது. ஞாபகம் தவறியது, சுபாவம் மாறியது, கோபம் மிகுந்தது, கையில் கத்தியை எடுத்தபின் செய்யத் தகாதவற்றைச் செய்யலானார். நோயாளிகள் உயிரிழந்தார்கள். அருகில் நின்ற உதவி டாக்டர்கள் இதைக் கண்ணாரக் கண்டார்கள். ஆயினும், யாரிடம் தாங்கள் இந்தக் கலையைக் கற்றார்களோ அவரிடமே, 'ஐயா, இனி வேண்டாம்' என்று சொல்லும் துணிவு அவர்களில் பலருக்கு வரவில்லை. கிழக்கு பெர்லினின் அதிகாரிகளுக்கோ, உலகறிந்த அந்தப் பெயர் தங்கள் புதிய ராஜ்யத்துக்கு ஓர் அலங்காரமாக இருந்தது. அதை இழக்க அவர்களுக்கும் மனமில்லை. இவ்வாறு பக்தியினால் சிலரும், பயத்தினால் சிலரும், கௌரவத்தைக் கருதிச் சிலரும் மௌனமாக இருந்துவிட்டதன் விலையை, மயக்க நிலையில் மேஜைமீது படுத்திருந்தவர்கள் செலுத்தினார்கள்.

1949ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அதன் பின்னும், போதிய சாதனங்கள் இல்லாத தம் வீட்டிலேயே அவர் சிகிச்சை செய்து வந்தார் என்ற வேதனையான வரலாற்றை யூர்கன் தோர்வால்ட் என்ற எழுத்தாளர் 1960இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். 1951 ஜூலையில், தம் 76ஆவது பிறந்த நாளுக்கு முந்தின தினம், ஸாவர்புருக் காலமானார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. தம் அறிவு குன்றுகிறது என்பதை அறிய வேண்டிய அறிவே குன்றிவிட்ட ஒருவரிடம், 'நீர் ஏன் உணரவில்லை?' என்று கேட்பதற்கு இடமில்லை. மூளை நலிவின் கொடுமை அதுதான்: குறை உண்டாகும்போதே, குறையைக் காண்கிற கண்ணும் கூடவே மங்கிவிடுகிறது. ஆகையினால், தக்க சமயம் வந்ததும் தாமாகவே விலகிக்கொள்வோம் என்று ஒரு வைத்தியர் எவ்வளவு உண்மையாக நினைத்தாலும், அந்த நினைப்பை மட்டும் நம்பியிருப்பது போதாது.

ஆண்டுகள் சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால், எல்லா வைத்தியர்களுக்கும் ஒரு வயதை நிர்ணயித்து, அதைத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். இந்த யோசனை புதியதன்று. நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையிலிருந்து விடைபெறும்போது நிகழ்த்திய பிரசங்கத்தில், உலகத்தின் ஆக்கபூர்வமான வேலைகளெல்லாம் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினராலேயே செய்யப்படுகின்றன என்றும், அறுபதைத் தாண்டியவர்கள் ஓய்ந்துவிடுவது எல்லோருக்கும் நன்மை என்றும் கூறினார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, வயோதிகர்களை அவமதித்துவிட்டார் என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அப்போது ஆஸ்லருக்கு வயது 55. அதன் பிறகு அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக அமர்ந்து, 1919இல் தம் எழுபதாவது வயதில் இறக்கும் வரையில், இளைஞர்களுக்கு வழிகாட்டியாக உழைத்தார். வயது என்ற ஒரே எண்ணைக் கொண்டு மனிதரை அளக்க முடியாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே ஒரு சான்று.

அண்மைக் கால ஆராய்ச்சிகளும் இதையே வேறு விதமாகச் சொல்லுகின்றன. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,61,000 நோயாளிகளின் ரண சிகிச்சைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அறிக்கையில், கணைய அறுவை, இருதய ரத்தக் குழாய் மாற்று அறுவை, கழுத்து ரத்தக் குழாய் அறுவை போன்ற சிக்கலான சில சிகிச்சைகளில், அறுபதைத் தாண்டிய நிபுணர்களிடம் மரணங்கள் சற்று அதிகம் என்று கண்டார்கள். ஆனால், அவ்வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சிகிச்சையை எப்போதாவது ஒருமுறை செய்கிறவர்களிடமே தென்பட்டது. இடைவிடாமல் செய்துவந்த மூத்தவர்களிடம் அது காணப்படவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த முதியோர்களின் சிகிச்சையைப் பற்றி 2017இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நாற்பது வயதுக்குட்பட்ட பொது மருத்துவர்களின் நோயாளிகளில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 10.8 பேர் என்றும், அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நோயாளிகளில் 12.1 பேர் என்றும் கண்டார்கள். அங்கும், நிறைய நோயாளிகளைப் பார்த்து வந்த டாக்டர்களிடம் வயதினால் வித்தியாசம் ஏற்படவில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் சிலர் அடுத்த வருஷம் ரண சிகிச்சையாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலோ, வயது ஏற ஏற மரணங்கள் சிறிது குறைந்தன.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, வயது ஆக ஆக ஒவ்வொருவரிடமும் ஏற்படும் மாறுதல் ஒரே அளவாக இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் தளர்ந்தவரும் உண்டு, எழுபத்தெட்டு வயதில் தெளிந்தவரும் உண்டு. மற்றொன்று, பழக்கம் என்பது வைத்தியத்தில் பாதி பலம். எதை அடிக்கடி செய்கிறோமோ அது கையில் நிற்கிறது, எதை விட்டுவிட்டோமோ அது கையை விட்டுப் போகிறது.

ஆயினும் உடலின் இயற்கையை மறுப்பதற்கில்லை. நாற்பதுகளிலேயே கண்ணின் மணிவில்லை இறுகி, அருகிலுள்ளவற்றைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. பிற்பாடு மங்கிய வெளிச்சத்தில் நிறங்களின் நுட்பமான வேற்றுமையைக் காணும் சக்தியும் குறைகிறது. காதில் மெல்லிய ஓசைகள் விழுவது குறைகிறது. புதிய செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டே மற்றொன்றைச் செய்வதும், எதிர்பாராத நெருக்கடியில் நொடியில் முடிவெடுப்பதும் இளமையில் இருந்ததைவிட நேரம் பிடிக்கின்றன. இரவெல்லாம் விழித்திருந்தால் அடுத்த இரண்டு நாட்களுக்கு உடம்பு அதைச் சொல்லிக் காட்டுகிறது. இவற்றுக்கு ஈடாக முதுமை கொண்டுவரும் செல்வமும் சிறிதன்று. ஆயிரம் நோயாளிகளைக் கண்டவர், அறைக்குள் நுழைகிறவரின் நடையையும் முகத்தின் வெளுப்பையும் பார்த்தே பாதி நோயை அறிந்துவிடுகிறார். எந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவரிடம் இருக்கிறது. சாவு நெருங்கிய வீட்டில் என்ன பேசவேண்டும், எதைப் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். எந்தச் சக்தி குறைந்தது, எது நிறைந்திருக்கிறது என்று பகுத்தறிந்து, நிறைந்ததைக் கொண்டு பணிபுரிவதும், குறைந்ததை நம்பி நிற்கும் வேலைகளிலிருந்து விலகுவதுமே ஓய்வைப் பற்றிய விவேகம்.

விட மனம் வராததன் காரணங்கள்

வைத்தியர்கள் ஓய்வைத் தள்ளிப் போடுவதற்குப் பண ஆசைதான் காரணம் என்று சிலர் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையின் ஒரு சிறு பகுதிகூட ஆகாது. சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்குப் பென்ஷன் கிடையாது என்பதும், மருத்துவமனை கட்ட வாங்கிய கடனைத் தீர்க்கவே பலருக்கு ஐம்பது வயதாகிவிடுகிறது என்பதும் மெய்தான். ஆனால் அதைவிட ஆழமான காரணங்கள் உண்டு. பதினேழு பதினெட்டு வயதில் மருத்துவக் கல்லூரியில் நுழைந்தவர், அன்று முதல் தூக்கத்தையும் பண்டிகைகளையும் குழந்தைகளின் விளையாட்டையும் இந்தத் தொழிலுக்குக் கொடுத்துக் கொடுத்து, வேறு எதிலும் மனம் பழகாமல் போய்விடுகிறார். ஊரில் அவருக்குப் பெயரே 'டாக்டர்' என்பதுதான். கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான், கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியிலும் அதுதான். அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் எழுந்தால் தாம் யார் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

இதனுடன் நோயாளிகளின் பற்றுதலும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டில் ஒரு டாக்டரிடம் ஜனங்கள் காண்கிற பெருமைகளுள் முதன்மையானது கைராசி. 'அவர் தொட்டாலே போதும்' என்று நம்பி, நகரத்தின் பெரிய மருத்துவமனைகளைக் கடந்து அந்தப் பழைய கிளினிக்குக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அவர் இரண்டு நாள் வராவிட்டால், 'டாக்டர் ஐயா எப்போ வருவாங்க?' என்று கம்பவுண்டரைக் கேட்டுக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள். 'நீங்களே போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவது?' என்று கண்கலங்கி நிற்கிற கிழவியிடம், 'நான் ஓய்வு பெறுகிறேன், அம்மா' என்று சொல்லுவது எளிதன்று. சிற்றூர்களில் இந்தக் கேள்வி வெறும் அன்பின் கேள்வியாகவும் இருப்பதில்லை. அவர் போனால் வேறு டாக்டர் மெய்யாகவே அங்கு வருவதற்கில்லை. தம் மகனோ மகளோ மருத்துவம் படித்திருந்தாலும், அவர்கள் பெருநகரத்திலோ வெளிநாட்டிலோ தங்கிவிட, கிளினிக்கின் கதவைத் தாமே பூட்ட வேண்டியிருக்கிற துக்கம் பல மூத்த டாக்டர்களின் மனத்தில் இருக்கிறது.

இந்தக் காரணங்கள் யாவும் மரியாதைக்குரியவை. ஆனால் இவற்றுள் எதுவும், தளர்ந்த கையால் செய்யப்படும் சிகிச்சையின் தீங்கைக் குறைத்துவிடுவதில்லை. நன்றியுள்ள நோயாளியே தம்மிடம் அதிகமாக ஏமாறக்கூடியவர் என்பதை மூத்த வைத்தியர் நினைவில் வைக்க வேண்டும்; ஏனெனில், பிழை நேர்ந்தாலும் அவர் அதை விதியின் மேல் போடுவாரேயன்றி டாக்டரைச் சந்தேகிக்க மாட்டார்.

முதலில் அறிபவர் யார்?

மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களை வள்ளுவர் வகுத்திருக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டிப் பணிசெய்பவன். இந்த நான்காம் அங்கத்தைச் சேர்ந்தவர்களே, வைத்தியரின் தளர்ச்சியை வேறெவரையும்விட முன்னதாக அறிகிறார்கள். மருந்தின் அளவைப் பெரியவர் தவறி எழுதும்போது ஓசைப்படாமல் திருத்திக் கேட்கும் நர்ஸ், ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு தரம் விசாரிப்பதைக் கவனிக்கும் ஜூனியர், முன்பு முக்கால் மணியில் முடிந்த ஆபரேஷன் இப்போது இரண்டு மணி நேரம் ஆவதைக் காணும் மயக்க மருந்து நிபுணர், வாடிக்கையான மருந்துக்குப் பதில் ஒலியில் ஒத்த வேறு மருந்தின் பெயர் சீட்டில் இருப்பதைக் கண்டு திகைக்கும் மருந்துக் கடைக்காரர், இவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இவர்களில் எவருக்கும் பேசும் ஸ்தானம் இல்லை. அன்பினால் அவருடைய பிழைகளை மறைவாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்; அந்தத் திருத்தங்களே பிழைகளை அவருடைய கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன.

இந்த மௌனம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில், எழுபதும் அதற்கு மேலும் வயதாகி மீண்டும் நியமனம் கோரும் மருத்துவர்கள் ஞாபகம், கவனம், நிதானம் ஆகியவற்றைப் பற்றிய பரிசோதனைக்கு உட்பட வேண்டுமென்று 2016இல் விதி செய்தார்கள். பரிசோதிக்கப்பட்ட 141 பேரில் 18 பேருக்கு, தனித்து வைத்தியம் செய்ய இயலாத அளவுக்குக் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்தது. அதாவது ஏறக்குறைய எட்டு பேரில் ஒருவர். பரிசோதனைக்கு முன்னர் அவர்களில் எவரைப் பற்றியும் நிர்வாகத்துக்குப் புகார் வந்திருக்கவில்லை. விஷயம் தெரிந்தபின் அந்தப் பதினெண்மரும் தொழிலை விட்டார்கள், அல்லது பிறர் மேற்பார்வையில் பணிபுரிய இசைந்தார்கள். ஆனால் 2020இல், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு சிலரைப் பரிசோதிப்பது பாரபட்சம் என்று அந்நாட்டின் சமவாய்ப்புக் கமிஷன் அந்த மருத்துவமனையின் மீது வழக்குத் தொடுத்தது. நோயாளியின் பாதுகாப்பு ஒரு நியாயம், முதியவரின் மானம் மற்றொரு நியாயம். இரண்டும் மோதும் இடம் இது.

இந்த மோதலைத் தணிக்கும் வழிகளும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், எழுபது வயதான மருத்துவரின் கிளினிக்குக்குச் சக மருத்துவர் ஒருவர் வந்து, நோயாளிகளின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, அவரோடு உட்கார்ந்து பேசி மதிப்பிடுவது ஒரு வழக்கமாக ஏற்பட்டது. அதன் பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அது தொடரும். அமெரிக்க ரண சிகிச்சையாளர் கல்லூரி 2016இல் வெளியிட்ட அறிக்கையில், 65 முதல் 70 வயதுக்குள் ரண சிகிச்சையாளர்கள் தாமாகவே முன்வந்து, ரகசியம் காக்கப்படும் முறையில், கண்ணையும் உடலையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை கூறியது. கட்டாய வயது எதையும் அது விதிக்கவில்லை. இவற்றில் எனக்குச் சிறப்பாகத் தோன்றுவது, பரிசோதனை என்பது எல்லோருக்கும் பொதுவான வழக்கமாகிவிடும்போது அதில் அவமானம் ஒட்டுவதில்லை என்பதே. நேற்று ஒரு தவறு செய்தவரைத் தேடிப் பிடித்து இன்று சோதிப்பது தண்டனை; குறித்த வயது வந்ததும் ஒவ்வொருவரும் செய்துகொள்வது ஓர் ஒழுக்கம்.

நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடு எங்கும் பரவும் வரையில், ஒரு வைத்தியர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. அறுபது வயதில், புத்தி தெளிவாகவும் கை உறுதியாகவும் இருக்கும்போதே, தமக்கு நம்பிக்கையான இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒருவர் தம்முடன் வேலை செய்பவராகவும் மற்றவர் தம் குடும்பத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, 'என்னிடம் தளர்ச்சி கண்டால் நீங்கள் சொல்ல வேண்டும். அந்த நாளில் நான் கோபித்துக்கொண்டாலும், இன்று நான் தருகிற இந்த அனுமதியைக் காட்டிச் சொல்ல வேண்டும்' என்று எழுதியே கொடுத்துவிடலாம். ஷாரிட்டே மருத்துவமனையின் உதவி டாக்டர்களிடம் இத்தகைய ஒரு கடிதம் இருந்திருந்தால், அவர்களுடைய வாய் அடைபட்டிருக்காது. ஆசிரியரின் சொல்லைக் கொண்டே ஆசிரியரைத் தடுத்திருப்பார்கள்.

விலகுவதற்கும் ஒரு முறை உண்டு

நம் முன்னோர்கள் கிருகஸ்தாசிரமத்துக்கும் சந்நியாசத்துக்கும் இடையில் வானப்பிரஸ்தம் என்ற ஒரு நிலையை வைத்தார்கள். வீட்டை ஒரேயடியாகத் துறந்துவிடாமல், பொறுப்புகளை ஒவ்வொன்றாக மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்டவர்களுக்கு மட்டும் யோசனை சொல்லிக்கொண்டு, மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ளும் காலம் அது. வைத்தியருக்கும் அப்படிப்பட்ட சில வருஷங்கள் தேவை. முதலில் இரவு நேர அழைப்புகளை விட்டுவிடலாம். அடுத்து அவசரச் சிகிச்சைகளை. பிறகு பெரிய ஆபரேஷன்களை. அதன் பின்னர் இளையவர் செய்யும்போது பக்கத்தில் நின்று துணைபுரிவதோடு நிறுத்திக்கொண்டு, வெளிநோயாளிகளைப் பார்ப்பதையும் போதிப்பதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதில் பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். வேலையைக் குறைக்கிறோம் என்று எண்ணி, முன்பு வாரத்துக்கு நான்கு செய்த கடினமான ஆபரேஷனை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறார்கள். இது ஓய்வைப் போலத் தோன்றினாலும் அபாயத்தின் வழியாகும். பழக்கம் விட்டுப்போன கையே தீங்கு செய்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுவதை முன்னரே கண்டோம். ஆகையினால், எல்லா வேலைகளையும் சிறிது சிறிதாக வைத்துக்கொள்வதைவிட, சில வகை வேலைகளை அடியோடு விட்டுவிட்டு, எஞ்சியவற்றை நிறையச் செய்வதே நோயாளிக்கும் நல்லது, வைத்தியருக்கும் நல்லது.

நோயாளிகளை ஒப்படைப்பதும் ஒரு கடமை. சிகிச்சையில் இருப்பவரைத் தக்க முன்னறிவிப்பு இன்றிக் கைவிடலாகாது என்பது நம் நாட்டு மருத்துவர்களின் நடத்தை விதி; உள்நோயாளிகளின் குறிப்புகளை மூன்று வருஷங்கள் பாதுகாக்க வேண்டும் என்பதும் விதி. விதிக்கு மேலாக, நீண்ட நாள் சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தம்மிடம் மருந்து வாங்கி வருபவர்களுக்கு, அவர்களுடைய நோயின் வரலாறு, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், முன்பு நடந்த ஆபரேஷன்கள் ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கையில் கொடுத்து, இன்ன டாக்டரிடம் செல்லுங்கள் என்று பெயர் சொல்லி, முடிந்தால் அந்த இளைய டாக்டரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, 'இனி இவங்கதான் உங்களைப் பார்த்துப்பாங்க' என்று தம் வாயாலேயே அறிமுகம் செய்வது, முப்பது வருஷச் சிகிச்சையின் கடைசி அங்கம். கைராசி என்ற நம்பிக்கையை அடுத்தவருக்கு மாற்றித் தரும் சக்தி மூத்தவர் ஒருவரிடமே இருக்கிறது.

தொடர்ந்த பணிகள்

நல்ல முறையில் விடைபெற்றவர்களின் உதாரணங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டர், தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே அர்ப்பணித்தவர், 1946இல் தம் எழுபத்தைந்தாவது வயதில் பொறுப்பிலிருந்து விலகி, கொடைக்கானலில் சென்று தங்கினார். 1960இல் அவர் மறைவதற்கு முன்பே, ஹில்டா லாசரஸ் போன்ற இந்தியர்கள் அந்த ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றுத் திறமையுடன் நடத்தியதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசுவாமியின் கதை வேறு விதமானது. முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போன அவர், தம் குறையை ஒளிக்காமல், அந்த விரல்களால் கண் ஆபரேஷன் கத்தியைப் பிடிக்கப் பொறுமையோடு பழகி, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் சிகிச்சை செய்தார். 58 வயதில் அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, 1976இல், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எண் ஒன்றைக் கொண்டு மனிதரின் பயனை முடித்துவிடலாகாது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பெருமை நீண்ட காலம் உழைத்ததில் மட்டும் இல்லை. தம் சகோதரியையும் உறவினர்களையும் எண்ணற்ற இளைஞர்களையும் பயிற்றி, தாம் ஒருவர் இல்லாவிட்டாலும் நடக்கும்படியாக அந்தப் பணியை அமைத்ததில் இருக்கிறது. 2006இல் அவர் மறைந்தார். பணி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1955 முதல் பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா, 2021இல் தம் 93ஆவது வயதில் காலமாகும் வரையில் அதன் வளாகத்திலேயே வாழ்ந்து வழிகாட்டியதும், முதுமைக்கு உரிய பணி ஒன்று உண்டு என்பதையே காட்டுகிறது.

அடுத்த தலைமுறையைத் தயார் செய்வதன் பலன், சில சமயம் செய்தவருக்கே திரும்ப வருவதுண்டு. இருதய சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கரான மைக்கேல் டிபேக்கிக்கு, 97 வயதில் இருதயத்திலிருந்து புறப்படும் மகாநாடியின் சுவர் கிழிந்தது. அந்த நோய்க்கு ஆபரேஷன் முறையை வகுத்தவரே அவர். 2006 பிப்ரவரியில், அவருடன் பல்லாண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்களே அந்த முறையைக் கொண்டு அவரைக் காப்பாற்றினார்கள். அதன் பின் அவர் இரண்டு வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். தம் கலையைத் தம் கையோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்திருந்ததால்தான் அது அவருக்குக் கிடைத்தது.

இதில் நோயாளிகளாகிய நமக்கும் பங்கு உண்டு. மூத்த டாக்டர் ஒரு கடினமான ஆபரேஷனைத் தாம் செய்யாமல் இளையவரிடம் அனுப்பினால், நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று வருந்தாமல், நம் நன்மைக்காகவே அவ்விதம் செய்கிறார் என்று உணர வேண்டும். 'நீங்களேதான் செய்ய வேண்டும்' என்று அன்பினால் அவரை நெருக்குவது, அவருக்கும் நமக்கும் தீங்காக முடியலாம். அவர் கிளினிக்கை மூடும் நாளில் நாம் செய்யும் மரியாதை ஒரு மாலையோடு முடிந்துவிடலாகாது. அதன் பின்னும் அவருடைய வீட்டுக்குச் சென்று, நோய்க்காக அல்லாமல் மனிதருக்காக அவரைப் பார்த்துவர வேண்டும். தொழில் போனபின் தம்மை யாரும் தேடமாட்டார்கள் என்ற அச்சம்தான் பலரை அந்த நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறது.

மருத்துவமனைகளின் நிர்வாகிகளும், ஊர்தோறும் உள்ள மருத்துவர் சங்கங்களும் இதை ஒரு பொதுக் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த வயதில் எல்லோருக்கும் ரகசியமான பரிசோதனை, சகாக்களின் வருகை, மூத்தவர்கள் போதிப்பதற்கும் ஆலோசனை கூறுவதற்கும் ஊதியத்துடன் கூடிய இடம், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முதுமைக்கான சேமிப்பு ஏற்பாடு, இவை அசாத்தியமானவை அல்ல. நோயாளிக்கு முதலாவதாகத் தீங்கு செய்யாதிருப்பது என்ற விரதத்தை மேற்கொண்டு இத்தொழிலில் புகுந்தவர், அதே விரதத்தின் பொருட்டே ஒருநாள் இதிலிருந்து விலகுகிறார். அந்த நாளை அவர் தம் புத்தி தெளிவாக இருக்கும்போதே, தம்மை நேசிப்பவர்களின் துணையோடு, தாமே குறித்துக்கொள்வாரானால், அதுவும் அவர் செய்யும் வைத்தியங்களில் ஒன்றாகவே எண்ணப்படும்.